கேள்வி கேட்டவனின் அக்கா

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் லைன் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் தெரிந்தவர்கள்கூட அப்படித்தான். கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் சரி, பிரிண்டர் முரண்டு பிடித்தாலும் சரி, ஒரு மாடியில் எழுதிய மருந்துச் சீட்டு அடுத்த மாடிக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் காணாமல் போனாலும் சரி, "லைன் மேடத்தக் கூப்பிடுங்க" என்பார்கள். அடித்தளத்தில் சலவைக்கூடத்தை ஒட்டி அவளுடைய அறை. நான்கு கறுப்பு அலமாரிகள் நிறைய இயந்திரங்கள், அவற்றுக்காகப் போட்ட ஏசி, அந்தக் குளிருக்காக அவள் வருடம் முழுவதும் போட்டிருக்கும் கம்பளிச் சட்டை. இருபத்திரண்டு வருடம் அங்கே உட்கார்ந்து, வெளியே மழையா வெயிலா என்பதையே சலவைக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பேருந்து ஓட்டுநர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது மயங்கி விழுந்து தலையில் அடி. கீழ்த்தளத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். படம் அரை நிமிடத்தில் மூன்றாம் மாடியில் அறுவை மருத்துவரின் திரைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மருத்துவர் காத்திருந்தார், ஸ்கேன் அறையில் இருந்தவர் படம் போய்விட்டதென்று நினைத்துக்கொண்டிருந்தார், கடைசியில் ஒரு நர்ஸ் ஓடிவந்து கேட்டபோது பதினொரு நிமிடம் கழிந்திருந்தது. ஓட்டுநர் அறுவை மேஜையிலேயே இறந்துபோனார். "படம் சீக்கிரம் வந்திருந்தாலும் பிழைச்சிருப்பாரான்னு சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். "பிழைச்சிருக்க மாட்டார்னும் சொல்ல முடியாது" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

காரணம் என்னவென்று மத்தியானத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் மாடியில், கம்ப்யூட்டர் வயர்கள் எல்லாம் வந்து கூடுகிற சுவிட்ச் பெட்டி ஒன்று இருந்தது. ஒன்பது வருடப் பழசு. அன்றைக்குச் செயலற்று நின்று, தானாகவே மறுபடி உயிர் பெற்றிருந்தது. நின்ற நேரமும் எழுந்த நேரமும் பெட்டியிலேயே பதிவாகியிருந்தன. நடுவில் சரியாகப் பதினொரு நிமிடம். அதை மாற்றச் சொல்லி அவள் மூன்று முறை எழுதியிருந்தாள். மூன்று கடிதமும் மேலாளரின் மேஜையில்தான் எங்கேயோ அடியில் கிடந்தன.

மேலாளர் கதவைச் சாத்திவிட்டு அவளுக்கு நாற்காலியைக் காட்டினார். அவர் நாற்காலி காட்டினால் வினை என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும்.

"சுவிட்ச்னு எழுதினா, ஏன் மாத்தலைன்னு என்னைக் கேப்பாங்க. பராமரிச்சது யாருன்னு உங்களைக் கேப்பாங்க. ரெண்டு பேரும் போவோம். வேற ஒண்ணும் உங்க கண்ணுல படலையா?"

பட்டது ஒன்று இருந்தது. சில வருடங்களாகவே வெளியிலிருந்து சின்னச் சின்னச் செய்திகள் வந்து ஆஸ்பத்திரியின் இயந்திரங்களைத் தட்டிக்கொண்டிருந்தன. அர்த்தமில்லாத எண்கள். நிமிடத்துக்கு நூறோ இருநூறோ. எதையும் திருடவில்லை, எதையும் உடைக்கவில்லை. யார் வீட்டிலோ ஒரு கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியின் போக்குவரத்தில் அது ஒரு தூசு பெறாது. அதை மேலாளரிடம் சொன்னாள். தூசு பெறாது என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

அவர் முகம் தெளிந்தது. "அதையே எழுதுங்க."

"வெளியிலிருந்து வந்த செய்திகள் தாமதத்துக்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும்" என்று எழுதிக்கொடுத்தாள். டைப் ஆகி வந்தபோது "காரணமாக இருந்தன" என்று இருந்தது. அவள் அந்த வரியின்மேல் பேனாவை வைத்தபடி நின்றாள். ஓய்வு பெற இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது. வீட்டில் அம்மா, வேலையில்லாத தம்பி. மேலாளர் அவசரப்படுத்தவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கே அந்தச் செய்திகளுக்கு ஒரு தடையும் எழுதினாள். நாலு வரிக் கட்டளை. இந்தச் சாயலில் ஒரு செய்தி எங்கிருந்து வந்தாலும் வாங்காதே, பதில் சொல்லாதே. மேலாளர் அதை மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பிவைத்தார். கூடவே, அனுப்பிய ஆள் யாரென்று கண்டுபிடிக்கச் சொன்னார்.

இணைய இணைப்புத் தருகிற நிறுவனத்தில் அவளோடு படித்த தோழி ஒருத்தி இருந்தாள். செய்திகள் வந்த முகவரி எண்ணைத் தோழியிடம் போனில் சொன்னாள். மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னடி, லைன்ல இருக்கியா?"

"நீ என்னை வச்சு விளையாடறியா?" என்றாள் தோழி. "இது உன் வீடு. இணைப்பு உன் பேர்லதான் இருக்கு."

அவள் போனை வைத்துவிட்டுக் கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். எல்லாம் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தன, அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாள். மேலாளரிடம் போய், "தூரத்து நாட்டு முகவரி சார், பிடிக்க முடியாது" என்றாள். அவருக்கும் பிடிக்க வேண்டும் என்று பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

தம்பி அவளைவிட ஒன்பது வயது சின்னவன். வீட்டில் அவனுக்குப் பெயரே சின்னவன்தான், முப்பத்தெட்டு வயதாகியும். கணக்கில் புலி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து மூன்றாம் வருடத்தில், நிறைந்த அவையில், அவனுடைய பேராசிரியர் நிரூபித்துப் புத்தகத்திலேயே ஏறிவிட்ட ஒன்றைத் தப்பு என்று சொல்லிவிட்டான். பேராசிரியர் எழுந்து, "அப்ப ஒரே ஒரு உதாரணம் காட்டுங்க தம்பி" என்றார். அவனிடம் உதாரணம் இல்லை. இருக்கும் என்று மட்டும் தெரியும். கூடத்தில் சிரித்தார்கள். அடுத்த வருடம் அவனுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. வீட்டுக்கு வந்து மாடி அறைக்குள் போனவன்தான். பதினோரு வருடம். சாப்பிட இறங்குவான், அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பான், குழாய் ஒழுகினால் சரிபண்ணுவான், மறுபடி மேலே போய்விடுவான். பேராசிரியர் செத்துப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தச் செய்தியை அவள்தான் பேப்பரில் பார்த்துச் சொன்னாள். "அப்படியா" என்றான், மேலே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா படுத்திருந்த நேரம், அவள் மாடிக்குப் போனாள். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, சுவர் முழுக்கப் புள்ளியும் கோடுமாக ஒரு பெரிய படம்.

"என்னடா பண்றே இங்க?" என்று கேட்டாள். பதினோரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும் தன்னுடைய நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"அந்தப் படத்தைப் பாரு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கலர். மொத்தம் மூணே கலர். கோடு போட்டுச் சேர்ந்திருக்கிற ரெண்டு புள்ளிக்கு ஒரே கலர் வரக்கூடாது. முடியாதுன்னார் எங்க பேராசிரியர். முடியும்னேன் நான். ஒரே ஒரு தடவை சரியா அடிச்சுக் காட்டிட்டா போதும், பள்ளிக்கூடப் பையன்கூடச் சரிபார்த்துடலாம். ஆனா அடிச்சுப் பாக்க எத்தனை விதம் இருக்கு தெரியுமா? இந்த டப்பாவை வச்சுப் பார்த்தா நம்ம காலம் பத்தாது."

"அதுக்கு?"

"ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டரை எல்லாம் கணக்குப் போட வைக்கிறேன். அதுகளுக்கே தெரியாது." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் மறந்தே போயிருந்தாள். "இணையத்துல போற ஒவ்வொரு செய்தியோட தலையிலயும் ஒரு கூட்டுத்தொகை இருக்குமில்ல? உனக்குத் தெரியாததா. வாங்கற கம்ப்யூட்டர் உள்ள இருக்கிற எண்ணையெல்லாம் கூட்டிப் பார்க்கும். தொகை சரியா வரலைன்னா, வழியில கெட்டுப்போச்சுன்னு பேசாம தூக்கிப் போட்டுடும். சரியா வந்தா பிரிச்சுப் படிக்கும். நான் என்ன பண்றேன்னா, படத்தோட ஒரு துண்டை எண்ணா மாத்தி உள்ள வைக்கிறேன். அந்தக் கலர் பொருந்தினாத்தான் தொகை சரியா வரும். பொருந்தலைன்னா பதிலே வராது. பொருந்திச்சுன்னா பிரிச்சுப் படிச்சுட்டு, 'இது என்ன, எனக்குப் புரியலை'ன்னு பதில் அனுப்பும். புரியலைன்னு ஒருத்தன் சொன்னான்னா எனக்கு அது சரின்னு அர்த்தம்."

அவளுக்குப் புரிந்தது. கதவைத் தட்டி யாரென்று கேட்க வைப்பதுதான். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இப்படி ஒரு யோசனை கனவில்கூட வந்ததில்லை. கெட்டிக்காரன்டா நீ என்று சொல்ல வாய் வரை வந்தது.

"இது தப்பில்லையாடா?"

"யார் வீட்டுக்குள்ளயும் போகலை. எதையும் எடுக்கலை. ஒரு கம்ப்யூட்டர் ஒரு நாளைக்குத் தும்மற நேரம்கூட எனக்குச் செலவழிக்காது. கணக்குப் போட்டுத்தான் ஆரம்பிச்சேன்." பிறகு கொஞ்சம் முகம் சுருங்கியது. "என்னமோ, நாலஞ்சு நாளா சில இடங்கள்ல இருந்து பதில் வரலை. பதில் தெரிஞ்ச கேள்வியும் நடுநடுவுல அனுப்பிவைப்பேன், ஆள் இருக்கானான்னு பார்க்க. அதுக்கும் வரலை. எங்கயோ கதவைச் சாத்தறாங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் பல தடவை பின்னால் மனதுக்குள் அந்த நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். சொன்னால், ஏன் சாத்தினாய் என்று கேட்பான். ஏனென்று சொன்னால் ஒரு மனிதன் செத்ததைச் சொல்ல வேண்டும். எழுதிக்கொடுத்தது பொய் என்று சொல்ல வேண்டும். அவனோ பேப்பர் படிப்பவன் இல்லை, வெளியே போகிறவன் இல்லை. தானாக ஓய்ந்துவிடும், அவனும் ஒருநாள் கீழே இறங்கி வருவான் என்று நினைத்தாள். "சரி, சாப்பிட வா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

தடை ஊரெல்லாம் பரவியது. ஒரு கல்லூரி, பிறகு நாலு கல்லூரி, பிறகு எந்தெந்த நாட்டிலோ எந்தெந்த அலுவலகமோ. அவள் எழுதிய நாலு வரி அப்படியே, அவள் விட்ட ஒரு எழுத்துப் பிழையோடு, எங்கெங்கேயோ ஒட்டப்பட்டது. இரண்டு மாதத்தில் மாடியிலிருந்து மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தம்பி சாப்பாட்டுக்கு இறங்கினால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "உடம்புக்கு என்னடா?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணுமில்லைம்மா, வேலை கம்மி" என்பான். அம்மா அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரிப்பாள். வேலை கம்மியாம், துரைக்கு.

அப்புறம் அந்தப் பேப்பர். மேலாளருக்கு ஏதோ பரிசு கொடுத்தார்கள், தாக்குதலை முறியடித்ததற்கு. அரைப் பக்கச் செய்தி. இறந்த ஓட்டுநரின் படம், பதினொரு நிமிடம், விஷமச் செய்திகள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சிறு விளக்கம், அவள் கையெழுத்தோடு அறிக்கையின் கடைசிப் பக்கத்துப் படம். எந்தத் தெருவில் ஓட்டுநரின் குடும்பம் இருக்கிறது என்பதும் அதில் இருந்தது. அம்மா அந்தத் தாளை அலமாரித் தட்டில் விரிக்க எடுத்து, அளவு பார்க்கத் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான். "விடுடா, கிழியுது" என்று அம்மா சொல்லியும் விடவில்லையாம்.

சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போனான். பதினோரு வருடத்தில் அவன் தனியாகப் பேருந்து ஏறியது அன்றைக்குத்தான்.

ஓட்டுநரின் மனைவி கதவைத் திறந்தாள். நாற்காலி போட்டாள். யாரோ ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், புள்ளியும் கோடும் உட்பட. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க டாக்டரா தம்பி?" என்றாள்.

"இல்லைங்க. உங்க வீட்டுக்காரர் சாகக் காரணம் நான்."

அவளுக்கு அதுவும் புரியவில்லை. பக்கத்தறையிலிருந்த மருமகனுக்குப் புரிந்தது. அவர்தான் அவனைக் கையைப் பிடித்துப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவன் முரண்டு பிடிக்கவில்லை. வழியில் அவருக்குச் செருப்பு அறுந்தபோது நின்று காத்திருந்து, சேர்ந்தே போனானாம்.

நிலையத்திலிருந்து போன் வந்தபோது அவள் கம்பளிச் சட்டையோடே ஓடினாள். சுவர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"டேய், நீ காரணம் இல்லைடா. அது சுவிட்ச். பழைய பெட்டி, நின்னுபோச்சு. நான் கண்ணால பார்த்தேன், பதினொரு நிமிஷமும் அதுலதான் இருந்தது. உன்னோட செய்திக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

அவன் அவளைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அறிக்கையில உன் கையெழுத்து இருக்கு, அக்கா."

"அது பொய். எழுதச் சொன்னாங்க, எழுதினேன். வேலைக்குப் பயந்து எழுதினேன்."

"நீ பொய் எழுத மாட்டே." மெதுவாகத்தான் சொன்னான், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "முதல்ல பதில் நின்னது உங்க ஆஸ்பத்திரி. தேதி வச்சுப் பார்த்தேன். அவர் செத்த நாள். நீ என்னைக் காப்பாத்தப் பேசாம இருந்திருக்கே. இப்பவும் அதுக்குத்தான் சுவிட்ச்ங்கறே."

"சத்தியமாடா."

"அக்கா இல்லையா நீ. அப்படித்தான் சொல்லுவே."

அவள் எழுந்து இன்ஸ்பெக்டரின் மேஜைக்குப் போனாள். நல்ல மனிதர், தலைவலிக்காரர், நெற்றியில் ஈரக் கைக்குட்டை வைத்திருந்தார். முழுக்கக் கேட்டார்.

"அம்மா, அறிக்கையில ஒண்ணு சொல்லியிருக்கீங்க. இப்ப ஒண்ணு சொல்றீங்க. ரெண்டுல எது பொய்?"

"அறிக்கை."

"அப்ப பொய் சொல்ற பழக்கம் உண்டு. இவர் உங்க தம்பி வேற. நான் எதை வச்சு எழுதறது?"

"அந்தப் பெட்டியைப் பாருங்க. நேரமெல்லாம் அதுலயே பதிவாகியிருக்கும்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினார்கள். இரண்டாம் மாடியில் புத்தம் புதுப் பெட்டி மின்னிக்கொண்டிருந்தது. பரிசு வந்த கையோடு மேலாளர் மாற்றியிருந்தார். பழையதை உடைத்து எடைக்குப் போட்டாயிற்று. அவள் எழுதிய மூன்று கடிதங்களையும் தேடினார்கள், கிடைக்கவில்லை. மேலாளர் அவளைப் பார்த்து வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "தம்பி பாசம். யாருக்குத்தான் இருக்காது" என்று வந்த போலீஸ்காரரிடம் சொன்னார். அடுத்த மாதம் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். முகவரியை மறைத்ததற்காக.

தம்பிக்குத் தண்டனை ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் செய்ததற்கு எந்தச் சட்டத்திலும் பெயர் இல்லை என்று மூன்று வாரம் தேடிவிட்டுச் சொன்னார்கள். யார் பூட்டையும் உடைக்கவில்லை, யார் பொருளையும் எடுக்கவில்லை, கேள்வி கேட்டான், பதில் சொன்னார்கள். போகலாம் என்றார்கள். அவன் போகாமல் நின்றான். "சரியாப் பார்த்தீங்களா?" என்று கேட்டான். இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்து, கூட்டிக்கொண்டு போங்கள் என்று கை காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி நாலாக மடித்தான். கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டான். அதற்குள் எவ்வளவு தூரம் போயிருந்தான், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அவள் ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"நூறுல ஒரு பங்குகூட இல்லை" என்றான். "ரெண்டாவது வருஷமே தெரியும், என் ஆயுசுக்குள்ள முடியாதுன்னு."

"அப்புறம் ஏன்டா பண்ணிட்டிருந்தே?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டு வேறு அறைக்குப் போனான்.

அவள் விடவில்லை. சுவிட்ச் எப்படி வேலை செய்யும் என்று தாளில் வரைந்து காட்டினாள். நிமிடத்துக்கு இருநூறு செய்தி ஒரு ஆஸ்பத்திரியின் இணைப்பில் எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். அவனே ஒரு காலத்தில் போட்ட கணக்குத்தான். கணக்கைப் பார்த்தான், தப்பு ஒன்றும் சொல்லவில்லை, தாளை அவள் பக்கமே தள்ளிவைத்தான். "கணக்கு சரிதான்" என்றான். "ஆளு செத்துட்டாரே."

இப்போது அவன் ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குப் போகிறான். வருகிற பெட்டிகளின் முகவரியைப் படித்து எந்த வண்டியில் ஏற்ற வேண்டும் என்று சொல்கிற வேலை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு வருவான். அவளிடம் தேவைக்குப் பேசுவான். தண்ணி வந்துச்சா. அம்மா மாத்திரை தீர்ந்துபோச்சு. ஓட்டுநரின் வீடு இருக்கும் தெரு வழியாகத்தான் கிடங்குக்குப் பேருந்து போகிறது, அதனால் ஒரு நிறுத்தம் முன்னாடியே இறங்கி வேறு வழியில் சுற்றி நடந்து போகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார்.

அம்மாவுக்கு எதுவும் முழுசாகத் தெரியாது. ஏதோ போலீஸ் வந்தது, ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டார்கள், போய்விட்டார்கள். மகன் மாடியிலிருந்து இறங்கி, குளித்து, தலை வாரி, வேலைக்குப் போகிறான். அதுதான் அம்மாவுக்குத் தெரிவது. அவன் கிளம்பும்போது வாசல் வரை போய் நிற்பாள். தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து, வேலை போய் வீட்டில் இருக்கும் மகளிடம் தினமும் ஒரே மாதிரி சொல்வாள்.

"இப்பதான்டி மனுஷனாயிருக்கான். நல்லவேளை, எந்தப் புண்ணியவானோ அந்த மாடி வேலையை நிறுத்தி வச்சான்."

அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "ஆமாம்மா" என்பாள்.